வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை எப்படிப் பேச வைப்பது?

ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்பதோடு சரி, அப்புறம் கடைசி மணி அடிக்கும் வரை அவர்கள் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பார்கள். நோட்டைத் திறந்தால் பலகையில் எழுதிப் போட்டதில் பாதிதான் இருக்கும். ஆசிரியர் அறையில் பேச்சு வந்தால் "அவனுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அந்த வரியைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வராது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறிலிருந்து பத்து வரை பாடம் எடுப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களும் படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இதில் சில வேலைகள் ஆசிரியர் தனியாகச் செய்து முடிக்கக்கூடியவை அல்ல.

முதலில் ஒரு தாளில் வகுப்புப் பட்டியலை எழுதி உங்கள் பாட நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு, வகுப்பில் யார் வாய் திறந்து பேசினாலும் பெயருக்கு நேராக ஒரு புள்ளி. பதில் சரியா தவறா என்பது இப்போது வேண்டாம். நீங்கள் கேட்காமல் அவர்களாகவே ஏதாவது கேட்டால் புள்ளிக்குப் பதில் ஒரு சுழி. யார் எந்தக் கிழமை வரவில்லை, எந்தப் பாடவேளையில் தூங்குகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். கடைசியில் எடுத்துப் பார்த்தால், மொத்தப் பாடமும் முன்வரிசையில் இருக்கும் சிலரோடு மட்டுமே நடந்திருப்பது தெரியும். புள்ளியே விழாத பெயர்களோடுதான் இனி உங்கள் வேலை. திங்கட்கிழமை மட்டும் வராத பையனுக்கு ஒரு காரணம் இருக்கும், மாதாமாதம் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராத பெண்ணுக்கு இன்னொரு காரணம் இருக்கும். அந்தத் தாளே பாதியைச் சொல்லிவிடும்.

கண், காது, வயிறு

பிள்ளையின் குணத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்குத் தன் பார்வை குறைவு என்பதே தெரியாது, எல்லோருக்கும் பலகை இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவது, கண்ணைச் சுருக்குவது, எழுதும்போது முகம் நோட்டில் ஒட்டும் அளவுக்குக் குனிவது, அடிக்கடி தலைவலி என்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதிக்க வேண்டும். கண் சோதனை அட்டை இருந்தால் 6 மீட்டர் தள்ளி நிற்க வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்கச் சொல்லுங்கள். அட்டை இல்லாவிட்டால் கடைசி வரிசையிலிருந்து பலகையில் இருப்பதை வாசிக்கச் சொன்னாலே ஓரளவு தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயர்களைத் தனியாகக் கொடுங்கள், கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். கண்ணாடி வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 'சோடாபுட்டி' என்று யாராவது ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அது அன்றைக்கே பைக்குள் போய்விடும், அப்புறம் வெளியே வராது. அதனால் கண்ணாடி வந்த முதல் நாளே அந்தப் பெயர் இந்த வகுப்பில் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

காதிலும் இதே கதைதான். காதில் சீழ் வடிவது நம் ஊரில் பல வீடுகளில் ஒரு நோயாகவே தெரிவதில்லை. பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாத பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று திட்டுவதற்கு முன்னால் காது மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரையான பிள்ளைகளுக்காக வந்த திட்டம் அது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு உட்கார வேண்டியிருக்கிறது. பள்ளியும் புதிது, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பதும் புதிது, வயிறும் காலி. ஆறாம் வகுப்பில் மூன்றாவது பாடவேளையில் பிள்ளைகள் துவண்டு கிடந்தால், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று தனித்தனியாக, மற்றவர்கள் காதில் விழாமல் கேளுங்கள். ஊரில் உதவக்கூடியவர்கள் நிச்சயம் இருப்பார்கள், மேலாண்மைக் குழுவில் எடுத்துச் சொன்னால் கடலையோ சுண்டலோ ஏற்பாடு செய்ய முடியும். கடினமான பாடத்தை முதல் இரண்டு பாடவேளைக்கு மாற்ற முடிந்தால் அதையும் செய்யுங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இரத்தசோகையை மறக்க வேண்டாம். வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது குப்பைக்குத்தான் போகும். சாப்பாட்டுக்குப் பிறகு கண் முன்னால் விழுங்க வையுங்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது

முகூர்த்த நாட்களுக்கு மறுநாள் வகுப்பில் தூங்கும் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? இரவெல்லாம் கேட்டரிங்கில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு விடிகாலையில் வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். காலண்டரை எடுத்து உங்கள் வருகைப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதே சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சட்டத்தை மட்டும் பேசினால் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் இருந்தால் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எழுத வையுங்கள், உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மேலே படித்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் இருப்பதையும் அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பல வீடுகளில் இது தெரியாது. பிள்ளையை அடித்தோ மிரட்டியோ வேலைக்கு அனுப்புகிறார்கள், அல்லது கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

பெண் பிள்ளைகள் மாதாமாதம் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுப்பதற்குக் காரணம் கழிப்பறையாக இருக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட ஒரு மூடிய தொட்டி இருக்கிறதா என்று ஒரு ஆசிரியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே போதும், பிரச்சினை எதுவென்று தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள். இந்தப் பேச்சை எடுக்க அதைவிடச் சரியான இடம் இல்லை. தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள், வாய்வார்த்தையாக விட்டால் அடுத்த ஆண்டும் அதே தாழ்ப்பாள்தான். அப்புறம் ஊர்ப் பேருந்து. கடைசி வண்டி நாலரைக்கு என்றால் மாலைச் சிறப்பு வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கவே முடியாது, அந்த வகுப்பைக் காலைக்கு மாற்றுங்கள்.

எங்கே உட்காருகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள்

2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும், சாதிப் பகையால் கூடப் படிப்பவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறுகள் கூடாது என்பதோடு, பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம். நான் இன்னும் ஒன்று சேர்ப்பேன், வாரம் ஒருமுறை வரிசையைச் சுழற்றுங்கள். கடைசி வரிசையில் ஒரே கூட்டம் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தால் அங்கே சாதி இருக்கலாம், கிண்டல் இருக்கலாம், அல்லது ஆசிரியர் கண்ணில் படாமல் இருக்கும் நிம்மதி இருக்கலாம். மூன்றுமே படிப்புக்கு ஆகாதவை. யாருக்கு என்ன உதவித்தொகை வந்திருக்கிறது என்று வகுப்பில் சத்தமாகக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் பிள்ளையின் சாதி நாற்பது பேருக்கும் தெரிந்துவிடுகிறது.

அடிப்பது மட்டுமில்லை, மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை. 'மக்கு', 'உன் அண்ணனும் இப்படித்தான்' என்பதெல்லாம் அதில்தான் வரும். ஒரு தவறான பதிலுக்கு வகுப்பே சிரித்த அன்று அந்தப் பிள்ளை பேசுவதை நிறுத்தியிருக்கும், ஆசிரியருக்கு அந்த நாள் நினைவில்கூட இருக்காது.

கேள்வி கேட்கும் விதம்

இதில்தான் பலன் சீக்கிரம் தெரியும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். முதலில் அந்த மௌனம் உங்களுக்கே சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். கேள்வியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்புறம் பதில் கேளுங்கள். தன் பதிலை ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்ட பிள்ளை நாற்பது பேர் முன்னால் சொல்ல அவ்வளவு பயப்படாது. கணக்கிலும் இலக்கணத்திலும் சிலேட்டில் எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும், யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும், யாரும் தனியாக மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். புள்ளியே விழாத பிள்ளையிடம் முதல் நாளே தனியாகப் போய் "நாளைக்கு இந்தக் கேள்வியை உன்னிடம்தான் கேட்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டு மறுநாள் கேளுங்கள். இது ஏமாற்று வேலை இல்லை, பேசிப் பழக ஒரு வாய்ப்பு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஒடியாவும் இந்தியும் பேசும் திருப்பூர்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, இவர்கள் முதலில் தங்கள் மொழியிலேயே பதில் சொல்லட்டும், கூடப் படிப்பவர் யாராவது தமிழில் சொல்லிக் கொடுப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் பேசவில்லை என்றால் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். எட்டாம் வகுப்பிலும் இது உண்டு. தனியாக அழைத்து இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது போல இங்கேயும் பிரித்து, தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், வெட்கத்திலேயே நின்றுவிடுவான். கிரிக்கெட், ஊர்த் திருவிழா, பைக் என்று அவனுக்குப் பிடித்ததைப் பற்றி நாலு வரி எளிய சொற்களில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

சில பிள்ளைகள் வாயால் அழகாகச் சொல்வார்கள், எழுத்தில் மட்டும் ன, ண குழம்பும், கொம்பும் காலும் இடம் மாறும், பார்த்து எழுதினாலும் தப்பும். எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தும் இது மாறவில்லை என்றால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். அது அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் சொல்லி, மருத்துவச் சான்று வாங்க வழி செய்யுங்கள். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இதைத் தொடங்கினால் சான்று கைக்கு வருவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பேசும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.