அரசுக் கட்டடத்துக்குச் சூரிய மின்சாரம்: எங்கே தவறுகிறார்கள்?

அரசு அலுவலகத்துக்குச் சூரிய மின்சாரம் வாங்கும்போது நடக்கும் முதல் தவறு, அதை நாற்காலி மேசை மாதிரி வாங்குவதுதான். கிலோவாட்டுக்கு யார் குறைந்த விலை சொன்னாரோ அவருக்கு ஆர்டர். பேனல் மாடிக்கு ஏறியதா, பில்லை பாஸ் செய், ஃபைலை மூடு. ஆனால் நமக்கு வேண்டியது பேனல் இல்லை, யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும்; 50 கிலோவாட் போட்டால் 200 யூனிட். வருடத்துக்கு இத்தனை யூனிட், குறைந்தால் இவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், பேனலில் தூசி அப்பிக் கிடந்தாலும் கேட்க நாதியிருக்காது.

ரெஸ்கோ முறையில் இந்தத் தொல்லை குறைவு. நிறுவனமே முதல் போட்டு, பேனலையும் பராமரிக்கும். அலுவலகம் யூனிட்டுக்குத்தான் பணம் கட்டும். உற்பத்தி குறைந்தால் நஷ்டம் அவர்களுக்கு என்பதால் துடைப்பம் தானாக மாடியேறும். ஆனால் ஒப்பந்தம் வழக்கமாக 25 ஆண்டு. பத்து வருடத்தில் இடிக்கப்போகும் கட்டடத்திலும், மழைக்கு ஒழுகும் தளத்திலும் பேனலை ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் தளத்தைச் சரிசெய்யக் கழற்றினால், உற்பத்தி நின்ற நாட்களுக்கும் பணம் கேட்க ஒப்பந்தத்தில் இடமிருக்கும். ஒழுகலை முதலில் அடைத்துவிடுங்கள். மாத பில்லையும் இழுத்தடிக்காதீர்கள்; அரசுப் பணம் தாமதமாக வரும் என்று தெரிந்த நிறுவனம் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்லும்.

நிழலையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால், அதோடு தொடராக இணைத்தவற்றின் உற்பத்தியும் குறையும். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், நிழல் நீளும். மே மாத மத்தியானத்தில் அளவெடுத்தால் ஏமாற்றம்தான். சனி, ஞாயிறு ஆபீஸ் பூட்டியிருக்கும்போது வரும் யூனிட் வீணாகாமல் இருக்க, வெளியே அனுப்பும் யூனிட்டை நம் பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டருக்கான அனுமதியையும் முன்பே வாங்க வேண்டும்.

சரி, மாடியில் இடமில்லையா? வெளியிலிருந்து வாங்கலாம். டெல்லி மெட்ரோ 2019 முதல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரிய மின் பூங்காவிலிருந்து வாங்குகிறது. 2022இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி 100 கிலோவாட் மின்பளு இருந்தாலே இப்படி வாங்க வழி உண்டு. யூனிட் விலையை மட்டும் பார்த்து, மின்கடத்தல் கட்டணத்தையும் கூடுதல் கட்டணங்களையும் மறப்பதுதான் இங்கே நடக்கும் தவறு.

வாசலில் ‘பசுமை மின்சார அலுவலகம்’ என்று போர்டு வைப்பதிலும் ஒரு சிக்கல். பல மாநிலங்களில், நெட் மீட்டர் போட்ட மாடியில் விளையும் மின்சாரம் மின்வாரியம் எட்ட வேண்டிய பசுமை மின்சார இலக்குக் கணக்கில் ஏறுகிறது; அதையே நீங்களும் உங்கள் பசுமை என்றால் ஒரே யூனிட்டை இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவதாகிவிடும். உங்கள் யூனிட் யார் கணக்கில் போகிறது என்று கேட்டுவிட்டு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.