பிளஸ் டூ ஆங்கிலம்: ஒரே பாட்டை வைத்து அணிகளைப் படிப்பது எப்படி?

பாட்டு வரி ஒன்றைக் கொடுத்து, 'இதில் வரும் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் (அணி) என்ன?' என்று கேட்டால் பலர் திணறிவிடுகிறார்கள். சிமிலி, மெட்டஃபர் எல்லாவற்றுக்கும் இலக்கணம் மனப்பாடம். ஆனால் வரியில் அதைக் கண்டுபிடிக்கத் தெரிவதில்லை. அதனால் இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு வரியிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

பாடப்புத்தகத்தில் உள்ள 'ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' போதும். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஜேக்வீஸ் என்ற பாத்திரம் பேசும் பகுதி இது. கைக்குழந்தை முதல் பல் விழுந்த முதுமை வரை மனித வாழ்க்கையின் 7 பருவங்களைச் சொல்கிறது. முப்பது வரிகூட இல்லை. இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

இரண்டாம் படி: உவமையைப் பிடியுங்கள்

பென்சிலால் 'லைக்', 'ஆஸ்' என்ற சொற்களை வட்டமிடுங்கள். பள்ளிக்குப் போக மனமில்லாத பையன் 'லைக் ஸ்னெயில்', அதாவது நத்தைபோல ஊர்கிறான். காதலன் உலைபோலப் பெருமூச்சு விடுகிறான்: 'சையிங் லைக் ஃபர்னஸ்'. இவை சிமிலி. ஆனால் 'லைக்' வந்தாலே சிமிலி என்று எழுதிவிடாதீர்கள். நாடகத்தின் தலைப்பிலேயே 'ஆஸ்', 'லைக்' இரண்டும் இருக்கின்றன. அங்கே எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. எது எதைப்போல என்று சொல்ல முடிந்தால்தான் சிமிலி.

மூன்றாம் படி: உருவகம்

குழப்பம் அதிகம் வரும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். தமிழ் வகுப்பில் மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று படித்திருப்பீர்கள். மதி போன்ற முகம் என்றால் இரண்டும் வேறுவேறாக நிற்கின்றன. முகமாகிய மதி என்றால் ஒன்றாகிவிடுகின்றன. இங்கும் அதே கதைதான். உலகம் மேடை 'போல' என்று சொல்லவில்லை, உலகமே மேடை என்கிறார். மனிதர்கள் நடிகர்கள் என்கிறார். ஆகவே மெட்டஃபர். போர்வீரன் பீரங்கியின் வாயிலும் தேடிப்போகும் புகழை 'பபிள் ரெபுடேஷன்' என்கிறாரே, அந்த நீர்க்குமிழியும் மெட்டஃபர்தான். எனக்கு இந்தப் பாட்டிலேயே மிகப் பிடித்த இடம் அது.

நான்காம் படி: ஓசை

அருகருகே வரும் சொற்கள் ஒரே ஓசையில் தொடங்குவது அலிட்டரேஷன், நம் மோனைக்கு நெருங்கிய உறவு. 'ஷ்ரங்க் ஷேங்க்', 'க்விக் இன் குவாரல்' என்று சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுக்கும். எழுத்தை நம்பாதீர்கள். 'நைட்' (போர்வீரன்), 'கிங்' இரண்டும் 'கே' எழுத்தில் தொடங்கினாலும் ஓசை வேறு, அது அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்', 'ஃபேன்' எழுத்தில் வேறு, ஓசையில் ஒன்று, அது ஆகும்.

ரைம் ஸ்கீம், அதாவது வரி முடிவுகளின் ஓசை ஒத்துவரும் முறை, பழக இந்தப் பாட்டு உதவாது. இது இயைபு இல்லாத பிளாங்க் வெர்ஸ். ராபர்ட் பர்ன்ஸ் 1794-இல் வெளியிட்ட சிவப்பு ரோஜாப் பாட்டை எடுங்கள். முதல் நான்கு வரிகளின் முடிவு 'ரோஸ், ஜூன், மெலடி, ட்யூன்'. ஒரே ஓசையில் முடியும் வரிகளுக்கு ஒரே எழுத்து. 'ஜூன்' ஒலியோடு 'ட்யூன்' சேர்வதால் ஏ, பி, சி, பி.

ஐந்தாம் படி: சொற்கள்

சொல்லைத் தனியாக எழுதாமல் வரியோடு எழுதுங்கள். 'சான்ஸ்' (sans) என்றால் இல்லாமல். 'பார்ட்' (pard) என்றால் சிறுத்தை. நீதிபதி பருவத்தில் வரும் 'வைஸ் சாஸ்' (wise saws) மரம் அறுக்கும் ரம்பம் அல்ல, பழமொழிகள். வரி தெரியாதவர் இதைக் கட்டாயம் ரம்பம் என்றே நினைப்பார். மறுநாளும் அடுத்த வாரமும் பொருளை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

ஆறாம் படி: விடை எழுதுதல்

அணியின் பெயரோடு, எது எதனோடு ஒப்பிடப்படுகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்து எழுதிப் பழகுங்கள். ஸ்பெல்லிங்கும் முக்கியம். சிமிலியில் முதல் 'ஐ' விட்டுப்போனால் 'ஸ்மைல்' ஆகிவிடும். அலிட்டரேஷனில் 'எல்' மட்டும் இரட்டை.

அப்புறம் கவிஞர் தோரு தத்தின் 'அவர் கேஷுவரினா ட்ரீ'யை எடுத்து நீங்களே முயன்று பாருங்கள். மரத்தைச் சுற்றிய கொடி மலைப்பாம்புபோல என்று வருவது சிமிலி. அந்த மரத்தை ராட்சதன் என்று சொல்லி, கொடியைக் கழுத்துத் துண்டாக அணிந்திருக்கிறான் என்னும் வரியில் மெட்டஃபரும் உண்டு, பெர்சானிஃபிகேஷனும் (மனிதரல்லாததை மனிதர்போலச் சொல்வது) உண்டு. எதை எழுதினாலும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.