பணம் குறைவாக இருக்கும்போது நோயுற்ற நாய்க்குட்டியைப் பேணுவது எப்படி

இரண்டு மூன்று மாதக் குட்டி ஒன்று காலையில் உணவை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்து, மாலைக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் எண்ணம் ‘நாளை வரை பார்ப்போம்’ என்பதுதான். தனியார் மருத்துவமனையில் எவ்வளவு கேட்பார்களோ என்ற அச்சமே இதற்குக் காரணம். ஆனால் குட்டிகளின் நோயில் மிக அதிகச் செலவை வைப்பது இந்த ஒரு நாள் தாமதம்தான். முதல் நாளில் இரண்டு ஊசியும் சிறிது உப்புநீரும் போதுமானதாக இருந்த குட்டிக்கு, மூன்றாம் நாளில் நரம்பு வழியே திரவம், இரத்தப் பரிசோதனை, உள்நோயாளிச் சேர்க்கை எல்லாம் தேவைப்படலாம். ஆகவே மருத்துவரிடம் விரைவில் செல்வது, கையில் உள்ள தொகையை அவரிடம் வெளிப்படையாகச் சொல்வது, வீட்டில் செய்யக்கூடிய பணிவிடையைத் தவறாமல் செய்வது ஆகிய மூன்றும்தான் உண்மையான சிக்கனம்.

முதலில், குட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேலுதட்டை மெல்ல உயர்த்தி ஈறைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு விரலில் ஒட்டுவதுபோல் பிசுபிசுப்பாக இருந்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். காகிதம்போல் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. குட்டிகளிடம் அதற்குக் கொக்கிப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் அடிக்கடி காரணமாகின்றன. அடுத்து, தோள்பட்டைக்கு மேலுள்ள தோலைச் சற்றுத் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம்போல் நின்றால் அதுவும் நீரிழப்பின் அடையாளமே. எலும்பும் தோலுமான குட்டியிடம் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும் என்பதால் ஈறையே அதிகம் நம்புங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தால், நலமான குட்டிக்கு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 104-ஐத் தாண்டினாலும், 99-க்குக் கீழே இறங்கினாலும் காத்திருக்கக் கூடாது. மனிதருக்குக் காய்ச்சல் எனத் தோன்றும் 101 நாய்க்கு இயல்பானது. உடல் சுடுகிறது என்று தொட்டுப் பார்த்து மருந்து கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இரத்தம் கலந்த கழிச்சல், தண்ணீரைக் குடித்ததும் வெளியே தள்ளும் வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல், எழுந்து நிற்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இத்தகைய அறிகுறிகளைத் தரும் நோய்களுள் குட்டி வளர்ப்போர் அதிகம் அஞ்ச வேண்டியது பார்வோ வைரஸ். 1970-களின் இறுதியில் உலகெங்கும் பரவிய இந்த நோய் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளையே பெரிதும் தாக்குகிறது. குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் அது அழிப்பதால், ஒருபுறம் உணவும் நீரும் உடலில் தங்காமல் போகின்றன. மறுபுறம் வெள்ளணுக்கள் குறைந்து, குடலிலுள்ள பாக்டீரியா இரத்தத்தில் நுழைகின்றன. வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து வழக்கமான சிகிச்சையில் இல்லை. உடல் தானே மீளும்வரை நீர், உப்புகள், சர்க்கரை, வாந்தி நிறுத்தும் மருந்து, ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றால் குட்டியைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும்.

பணமில்லாதவர்கள் இங்கே அறிய வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பார்வோ கண்ட 40 நாய்களை இரண்டாகப் பிரித்தனர். 20 நாய்களுக்கு வழக்கமான உள்நோயாளிச் சிகிச்சை தரப்பட்டது. மற்ற 20-க்கு, முதலில் நரம்பு வழியே திரவம் ஏற்றி நிலைப்படுத்தியபின், தோலுக்கடியில் திரவம், நாளுக்கொரு முறை வாந்தியை நிறுத்தும் ஊசி, நீண்ட நாள் வேலை செய்யும் ஓர் ஆன்டிபயாட்டிக் ஊசி என்ற எளிய புறநோயாளி முறை பின்பற்றப்பட்டது. முதல் பிரிவில் 90 விழுக்காடும் இரண்டாம் பிரிவில் 80 விழுக்காடும் பிழைத்தன. அந்தப் புறநோயாளிப் பிரிவின் நாய்களும் நெருங்கிய கண்காணிப்பில்தான் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், சேர்க்க வசதியில்லை என்றால் குட்டியைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணம் தவறானது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் இப்படிச் சொல்லுங்கள்: “ஐயா, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதற்குள் குட்டிக்கு எது மிக அவசியமோ அதை முதலில் செய்யுங்கள். தினமும் கொண்டு வந்து காட்டுகிறேன். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள்.” இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொகை தெரிந்தால் எந்தப் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம், எந்த ஊசிக்கு மலிவான மாற்று உண்டு என்று அவரால் முடிவு செய்ய இயலும். அறிகுறி தெளிவாக இருக்கும்போது பார்வோ கிட் பரிசோதனைக்கான பணத்தைத் திரவத்துக்கும் வாந்தி மருந்துக்கும் செலவிடலாமா என்று கேட்பதில் தவறில்லை. நாயின் மலத்தைச் சிறிய சுத்தமான டப்பாவில் எடுத்துச் சென்றால் புழு முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது செலவு குறைந்த சோதனை. அதைத் தவிர்க்க வேண்டாம்.

எங்கே செல்வது? தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் ஊர்தோறும் பரவியுள்ளன. ஆடு மாடுகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து நாய் வளர்ப்போர் பலர் அங்கே செல்வதில்லை. நாய்களையும் அங்கே பார்க்கிறார்கள். சிறிய மருந்தகத்தில் சில மருந்துகள் இருப்பில் இல்லாமல் போகலாம் என்பதால், சீட்டில் எழுதி வாங்கி வெளியில் வாங்க ஆயத்தமாகச் செல்லுங்கள். கடுமையான நோய்க்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் சிறந்த புகலிடம். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போலவே நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உண்டு. தனியார் கட்டணத்தோடு ஒப்பிட அங்கே ஆகும் செலவு மிகக் குறைவு. காலையிலேயே சென்றுவிடுங்கள், வரிசை நீளமாக இருக்கும். சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற தொண்டு அமைப்புகளையும் அணுகலாம். ஆனால் அங்கே கைவிடப்பட்ட விலங்குகளின் நெரிசல் எப்போதும் உண்டு என்பதால், தடுப்பூசி போடாத குட்டியை அங்கே நெடுநேரம் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருப்பது நல்லது.

மருந்துச் சீட்டில் உள்ள சில மருந்துகள் மனிதருக்கும் பயன்படுபவை. உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின், வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் போன்றவற்றை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை கணிசமாகக் குறையும். அளவை மட்டும் மருத்துவரே எழுத வேண்டும். அதற்குக் குட்டியின் எடை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். காய்கறிக் கடையின் மின்னணுத் தராசில் ஒரு கூடையோடு வைத்துப் பார்த்து, கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

இப்போது வீட்டுப் பணிவிடைக்கு வருவோம். இதுதான் மருத்துவமனைச் செலவைக் குறைக்கும் பகுதி.

வாந்தி இல்லாத குட்டிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் தரலாம். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுவதும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். கண் அளவில் பாதிப் பொடி, ஒரு டம்ளர் நீர் என்று கலக்கினால் உப்பு கூடித் தீமை விளையும். 24 மணி நேரம் கடந்த மீதியைக் கொட்டிவிடுங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரத்தில் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே முனையை வைத்து, ஓரிரு மில்லியாக விடுங்கள். குட்டி விழுங்குவது தொண்டையில் தெரிந்த பிறகே அடுத்தது. தலையை அண்ணாந்து பிடித்து நேராகத் தொண்டையில் ஊற்றினால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 100 மில்லி நீர் வேண்டும். கழிச்சலில் போவது அதற்கு மேல். இதை மணிக்கணக்கில் பிரித்துத் தர வேண்டும். விழுங்கும் நினைவில்லாத குட்டிக்கு வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது.

வாந்தி நிற்காத குட்டிக்கு வாய்வழி நீர் பயன்படாது. தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புத் திரவத்தை ஏற்றுவதை மருத்துவர் உங்களுக்குக் கற்றுத்தர ஒப்புக்கொண்டால், அவர் முன்னிலையில் ஒருமுறையாவது நீங்களே செய்து காட்டிவிட்டு வாருங்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து எடுத்து, தோள்களுக்கு இடையே தோலைக் கூடாரமாகத் தூக்கி, அதன் அடியில் புதிய ஊசியைச் செலுத்த வேண்டும். திரவம் அங்கே கட்டிபோல் திரண்டு, சில மணி நேரத்தில் கரைந்துவிடும். பல மணி நேரமாகியும் அப்படியே நின்றால் இரத்த ஓட்டம் மிகத் தளர்ந்துவிட்டது. அந்தக் குட்டிக்கு நரம்பு வழிச் சிகிச்சைதான் வேண்டும். பேச்சுவழக்கில் எல்லாப் பாட்டிலையும் ‘குளுக்கோஸ்’ என்கிறோம். உண்மையில் குளுக்கோஸ் உள்ள டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது, ஆகையால் பாட்டிலின் பெயரைப் படித்துப் பாருங்கள்.

சிறு குட்டிகள் உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கும். தள்ளாட்டமும் நடுக்கமும் தெரிந்தால் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே புறப்படுங்கள். தடவியதும் தெளிந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உடல் குளிர்ந்திருந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். குளிர்ந்த உடலுக்கு உணவு செரிக்காது.

வயிறு கெட்டால் பட்டினி போட வேண்டும் என்பது பழைய வழக்கம். வாந்தி அடங்கியதும் சிறிது சிறிதாக உணவைத் தொடங்கும் குட்டிகளே விரைவில் தேறுகின்றன. குழைய வடித்த சோறும், தோலும் கொழுப்பும் நீக்கி வெறும் நீரில் வேகவைத்த எலும்பில்லாத கோழியும் சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி அளவில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் நோயுற்ற குட்டிக்குப் பாசத்தோடு வைக்கப்படும் பால்சோறு கழிச்சலைக் கூட்டவே செய்யும்.

கொடுக்கக் கூடாதவற்றைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு கிலோ குட்டிக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் கிலோவுக்கு 250 மில்லிகிராம் சென்றுவிடும். 100-ஐத் தாண்டினாலே நாயின் கல்லீரல் பாதிக்கப்படலாம். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். கழிச்சலை நிறுத்தும் மனித மாத்திரைகளும் வேண்டாம். புழு வெளியேறட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பது நீரிழப்பை முற்றச் செய்யும். உண்ணிக்கு மண்ணெண்ணெய், சொறிக்கு வண்டியின் கழிவு எண்ணெய் பூசுவது இன்றும் நடக்கிறது. தோல் வெந்து, குட்டி அதை நக்கி உள்ளே விழுங்கிவிடுகிறது. இந்தக் கொடுமையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஒரு பழைய நோட்டில் வாந்தி, மலம், சிறுநீர், உட்கொண்ட நீர், கொடுத்த மருந்து ஆகியவற்றை நேரத்தோடு எழுதி வாருங்கள். மறுநாள் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அதுவே விடை. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காத குட்டியைப் பற்றி அவருக்கு உடனே சொல்ல வேண்டும்.

திடீரெனக் கடிக்கப் பாய்வது, குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது போன்றவை தெரிந்தால் வெறிநோயை ஐயுற வேண்டும். அப்போது வாயில் கை வைத்து மருந்து கொடுக்க முயலாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடப்படும் தடுப்பூசிக்கு அன்றே செல்லுங்கள். குட்டிதானே என்று விடக் கூடாது.

பார்வோ வந்த வீட்டில் ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதை நம்ப முடியாது. மலத்தையும் வாந்தியையும் முழுமையாக அகற்றி, சோப்பு நீரால் கழுவியபின், சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து தரையில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்தால் நச்சு வாயு எழும். மண் தரையையும் துணிப் படுக்கையையும் முழுமையாகச் சுத்தம் செய்ய இயலாது; படுக்கையை எரித்துவிடலாம், ஆனால் மண்ணில் வைரஸ் பல மாதங்கள், ஓராண்டு வரைகூட நிற்கும். தேறிய குட்டியும் சில வாரங்களுக்குத் தன் மலத்தில் வைரஸை வெளியேற்றும் என்பதால் தெருக்குட்டிகளோடு சேர விடாதீர்கள். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும், ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம்வரை மூன்று நான்கு வார இடைவெளியில், பார்வோ உள்ளிட்ட பல நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும். வெறிநோய் ஊசிக்குச் செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். தெருவிலுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் குட்டிகளைக் கொண்டு செல்வதாக இருந்தால், தனியார் மருத்துவர்களிடமும் கூட்டுத் தடுப்பூசியின் விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பார்வோ வந்த வீட்டுக்கு இன்னொரு குட்டி வருவதாக இருந்தால், அது தடுப்பூசித் தொடரை முழுவதும் முடித்த பிறகே வர வேண்டும்.