‘தானே’ என்று விட்ட தவறுகள்: வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் இருபது வருடமாக ஏதாவது ஒரு நாய் படுத்திருக்கும். இத்தனை வருடத்தில் நாங்கள் செய்த தவறுகள் நிறைய, ஆனால் ஒன்றையும் தெரிந்து செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வீட்டில் யாராவது ஒருத்தர் ‘தானே’ என்று முடித்திருப்போம். குட்டிதானே, மிச்சம்தானே, வீட்டு நாய்தானே, வெயில்தானே.

குட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முப்பது நாள் குட்டியைக் கையில் கொடுத்து, “இப்பவே கொண்டு போனாத்தான்ணே உங்ககிட்ட ஒட்டும்” என்பார்கள். நம்ப வேண்டாம். எட்டு வாரமாவது அது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு குட்டி இன்னொரு குட்டியிடம்தான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை நம் பிள்ளைகளின் கைகாலில் நடத்தும்.

எந்த நாய் என்பதும் யோசிக்க வேண்டியது. சித்திரை வெயிலில் மதுரையில் பனி நாட்டு நாயான ஒரு ஹஸ்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே மூச்சு வாங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் நமக்குப் பக்கத்து ஊர் பெயர்கள்தான். இந்த வெயிலுக்கே பிறந்த நாய்கள். அதற்காக நாட்டு நாய் என்றால் பிரச்சினையே இல்லை என்றும் இல்லை. சிப்பிப்பாறை முயல் விரட்டிய இனம். அதை நாலடிச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு, செருப்பைக் கடிக்கிறது என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை. வெள்ளை ராஜபாளையக் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. வாங்கப் போனால் குட்டி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள்.

எங்கள் முதல் நாய் மணி. ஒன்றரை மாதம். தடுப்பூசி ஒன்று போட்டிருந்தோம், இன்னும் பாக்கி இருந்தது. ஒரு ஊசி போட்டாச்சுதானே என்று தெருவில் இறக்கிவிட்டேன். நாலைந்து நாள் கழித்துச் சாப்பாட்டைப் பார்த்தே முகத்தைத் திருப்பினான். அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தமாகக் கழிச்சல். அந்த வாடையை ஒருதரம் மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பார்வோ என்கிற தொற்றுநோய். மூன்று நாள் டிரிப் ஏற்றியும் பலனில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். அது முடிகிறவரை தெருமண் வேண்டாம், ஊசி போடாத நாய்களோடு பழக்கமும் வேண்டாம். இதெல்லாம் எனக்கு மணி போன பிறகுதான் தெரிந்தது.

அடுத்து செய்தது அதைவிடப் பெரிய தவறு. வீடே வெறிச்சென்று கிடக்கிறதே என்று ஒரே மாதத்தில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தோம். வாசலைப் பினாயில் ஊற்றிக் கழுவியாச்சுதானே என்ற தைரியம். பார்வோ கிருமி பினாயிலுக்கு அசையாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தரையென்றால் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டும். மண் வாசலென்றால் ஊசி முழுதும் போட்டு முடித்த நாயைத்தான் கொண்டுவர வேண்டும். இரண்டாவது குட்டிக்கு நாங்கள் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் ஆச்சியோடு எனக்கு ஓயாத சண்டை. “அந்தக் காலத்துல மிச்சத்தைத் தின்னுட்டு நாய் நல்லாத்தானய்யா இருந்துச்சு” என்பார். அந்தக் காலத்து நாய் எத்தனை வயதில் போனது என்று யார் கணக்கு வைத்தார்கள்? வெறும் சோறும் கறியும் போட்டால் தப்பில்லை. மிச்சமாக வருவது அது இல்லையே, பரோட்டா சால்னாவும் பிரியாணியும் சாம்பாரும்தான் வருகின்றன. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிலும்பிக் குடலில் குத்தும். பிரியாணி சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை எலும்பை எல்லாம் தெருநாய்க்கு வைத்துவிட்டுப் புண்ணியம் என்று நினைக்கிறோம்.

மருந்துப் பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். தொட்டுப் பார்த்தோம், சுடுகிறது, ஒரு பாராசிட்டமால் கொடுத்தோம் என்பவர்கள் ஏராளம். நாயின் சாதாரண உடல் சூடே 101இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும், வலி மாத்திரையான ஐபுபுரோஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருநூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். வைக்க வேண்டிய இடம் பின்பக்கம்தான், வாயில் அல்ல.

உண்ணிக்கும் இதே கதை. மேலூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருத்தர் பருத்திக்கு அடித்த மருந்தில் மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டிவிட்டார். நாய் உடம்பை நக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் வாயில் நுரை, உடம்பெல்லாம் உதறல். டாக்டரிடம் போனதால் பிழைத்தது. உண்ணி சும்மா ரத்தம் குடிக்கிற பூச்சி மட்டுமில்லை, உண்ணிக் காய்ச்சலையும் கொண்டுவரும். நாய் சோர்ந்து படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இன்னொன்று, நாய்மேல் பொறுக்கி எடுப்பதோடு வேலை முடியாது. பெண் உண்ணி சுவர் வெடிப்பில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அந்த வெடிப்பைப் பூசாமல் மருந்து மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் காசுதான் கரையும்.

கடி விஷயத்தில் ‘தானே’ போடவே கூடாது. வீட்டு நாய்தானே, பல் லேசாகப் பட்டதுதானே, குட்டிதானே என்பதெல்லாம் வெறிநோய்க்குத் தெரியாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். போடுகிற அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் புண்ணிலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான். அது ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனிப்பது, ஊசிக்குப் பதிலாகக் கவனிப்பது இல்லை. உங்கள் நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு வருடா வருடம்.

தீபாவளி அன்று நாயைக் கேட்டுக்கு வெளியே விடாதீர்கள். வெடிக்குப் பயந்து ஓடுகிற நாய்க்கு வீட்டுக்கு வழி தெரியாது. அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

வெயிலுக்கு வருகிறேன். நாய்க்கு வேர்ப்பதெல்லாம் பாதத்தில்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ள வேண்டும். மொட்டை மாடியில் கட்டுவதும் பத்து மணிக்குத் தார் ரோட்டில் நடத்துவதும் கூடாது. புறங்கையை ரோட்டில் வையுங்கள், உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதனாலும் நடக்க முடியாது. மயங்கி விழுந்தால் சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் பாதத்திலும் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் போட்டு, உடனே டாக்டரிடம் தூக்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், ஈரச் சாக்கைப் போட்டு மூடவும் வேண்டாம்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் சுந்தரியை விட்டோம். ஒன்பது வயதுக் கோம்பை. யானைமலைப் பக்கம் நடக்கப் போனால் அப்பாவின் வேகத்துக்கு நின்று நின்று நடப்பாள். குட்டியே போடவில்லை, கருத்தடையும் செய்யவில்லை. வயிற்றைக் கிழிப்பது பாவம் என்று அம்மா சொன்னதை நாங்களும் தட்டவில்லை. அந்த வருடம் மார்ச்சில் தீட்டு வந்து நின்றது. மே மாதம், கத்திரி. ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு வாளியைப் பார்த்தாள். “வெயில்தானே, குடிக்கட்டும்” என்று சொன்னது நான்தான். நாலாம் நாள் வயிறு உப்பி, பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தாள். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். தீட்டு நின்று ஒன்றிரண்டு மாதத்தில் வயதான பெண் நாய்க்கு வருகிற நோய் இது. பல நேரம் தண்ணீர் தாகம்தான் முதலில் தெரியும். இள வயதிலேயே கருத்தடை செய்திருந்தால் வந்தே இருக்காது. அறுவை சிகிச்சை மேசையிலிருந்து அவள் திரும்பவில்லை. தோட்டத்தில் நாலடி ஆழத்தில் உப்புப் போட்டுப் புதைத்தோம். ஆழம் குறைந்தால் வேறு நாய்கள் தோண்டிவிடும்.

மணி போனபோது செய்ததை இந்தத் தரம் செய்யவில்லை. யாரும் வேறு நாய் பற்றிப் பேசவில்லை. ஆகஸ்ட்டில் ஒரு கறுத்த தெருநாய், ஒரு வயது இருக்கும், தானாக வந்து கேட்டோரம் படுத்தது. அப்பா முதலில் “போ அங்கிட்டு” என்றார், அப்புறம் தண்ணீர் வைத்தார்.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் அமாவாசைக்கும் கேஸ் பதிவுக்கும் நடுவே நாய்க் கணக்கும் இருக்கும். ஜனவரியிலேயே வருடம் முழுக்க எழுதிவிடுவது அப்பாவின் வழக்கம். அக்டோபர் தாளைத் திருப்பிய அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பதினான்காம் தேதிக் கட்டத்தில் நீல மையில் ‘சுந்தரி - வெறிநோய் ஊசி’ என்று இருந்தது. பதினான்காம் தேதி கறுப்பியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அந்த ஊசியைப் போட்டோம். கருத்தடைக்கும் அன்றைக்கே தேதி வாங்கியது அம்மாதான்.