ஃபார்ச்சூனரைக் கொடுத்துவிட்டு டிஸ்கவரி வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியவை

டொயோட்டா ஃபார்ச்சூனரை ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருந்தவர்களிடம் பேசிப் பார்த்தால் குறை என்று அதிகம் வராது. ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, டயர், பேட்டரி என்று ஐந்தாறு சொற்களில் மொத்தச் செலவுக் கணக்கும் முடிந்துவிடும். ஆனால் அந்த நிம்மதியே ஒரு கட்டத்தில் சலிப்பாகவும் மாறுகிறது. அந்த நேரம் பார்த்து, புதிதாக விற்றபோது ஃபார்ச்சூனரைப் போல இரு மடங்குக்கும் அதிகமான விலையில் இருந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, இன்று ஏறத்தாழ அதே வயதுள்ள ஃபார்ச்சூனரின் விலைக்கே கிடைக்கிறது என்று தெரியவந்தால் மனம் அலைபாயத்தான் செய்யும். அந்த விலை சும்மா இறங்கவில்லை. வாங்குகிறவர் இனிமேல் செய்யப்போகும் செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்து வைத்திருக்கிறது. இதை ஒப்புக்கொண்டு இறங்குகிறவருக்கு இந்த மாற்றம் நல்ல அனுபவமாக அமையும் என்பது என் கருத்து. மலிவாக வந்தது என்று நம்பி இறங்குகிறவருக்கு அமையாது.

முதலில், வீட்டில் வேறு வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போவதற்கும் இந்த ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்றால் ஃபார்ச்சூனரை விற்காதீர்கள். பழைய வேகன் ஆர் ஒன்று கொட்டகையில் நின்றாலும் போதும், டிஸ்கவரி ஒரு வாரம் பட்டறையில் கிடக்கும்போது வீடு பதறாது.

அடுத்து, வண்டியைத் தேடுவதற்கு முன்பே மெக்கானிக்கைத் தேடிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டுத்தான் அவதிப்படுகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் இவ்வகை வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிற தனியார் பட்டறைகள் உண்டு. நீங்கள் இருப்பது ராமநாதபுரத்திலோ தென்காசியிலோ என்றால், வண்டியை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியின் வாடகையையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் "இந்த வண்டி பார்ப்பீர்களா" என்று கேட்டால் எல்லோரும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். எஞ்சின் மட்டுமல்லாமல் ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், பார்க்கிங் பிரேக் ஆகிய எல்லாப் பிரிவுகளையும் படிக்கும் லேண்ட் ரோவர் ஸ்கேனர் அவரிடம் இருக்கிறதா? சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்திலிருந்து பாடியைத் தனியே தூக்கி வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? டர்போ மாற்றுவது போன்ற சில வேலைகளைப் பாடியைத் தூக்கிவிட்டுச் செய்வதே எளிது என்று இந்த வண்டியைக் கையாளும் மெக்கானிக்குகள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் உங்கள் வண்டியை விடாதீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கோவையில் ஒரு வண்டியைப் பார்க்கக் காலை 7 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நான் 6.30-க்கே போய் நின்றேன். கை வைத்துப் பார்த்தால் பானட் சுட்டது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்க வேண்டியவர்தான் விடியற்காலையிலேயே எழுந்து எஞ்சினைச் சூடாக்கி வைப்பார் என்று எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு எதையும் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

டிஸ்கவரி 4 வாங்குகிறவர் கையில் அவசியம் இருக்க வேண்டிய கருவி ஓர் அளவு நாடா. இந்த வண்டி சுருள் வில்லின் மீது நிற்பதில்லை; நான்கு மூலைகளிலும் காற்றுப் பைகள் தாங்குகின்றன. விற்பவர் இசைந்தால், மாலையில் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைக்கூடத் திறக்காமல் மீண்டும் அளக்க வேண்டும். சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது. நான்கு மூலையும் ஒரே சீராக இறங்கியிருக்கிறதே என்று ஆறுதல் அடையவும் கூடாது. நின்றுகொண்டிருக்கும்போதே இந்த வண்டி இடையிடையே விழித்து, தாழ்ந்துபோன மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் தானாகவே இறக்கிக்கொள்ளும் என்பதால், ஒரு பையின் கசிவு நான்கிலும் பரவித் தெரியும். கசிகிற வண்டியில், பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகையால் கம்ப்ரஸரை மட்டும் மாற்றியதற்கான ரசீதைக் காட்டினால், கசிவைச் சரிசெய்ததற்கான ரசீது எங்கே என்று கேளுங்கள்.

அதன் பிறகு ஸ்கேனரை மாட்டுங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றால் மகிழ்ச்சி அடைவதற்கு முன், குறியீடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வரப்போவதை அறிந்து நேற்றுத்தான் துடைத்திருக்கிறார்கள். பேட்டரி மின்னழுத்தத்தையும் சோதியுங்கள். பேட்டரி தளர்ந்தால் தொடர்பே இல்லாத எச்சரிக்கைகள் திரையில் வரிசைகட்டும், நல்ல வண்டியும் கெட்டதுபோலத் தோன்றும்.

எஞ்சின் விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். இதன் 3.0 லிட்டர் வி6 டீசலில், எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பேரிங் பழுதாகி எஞ்சினே போய்விடுவது உலகம் முழுவதும் உள்ள டிஸ்கவரி உரிமையாளர்கள் அறிந்த பலவீனம். எல்லா வண்டிக்கும் அது வருவதில்லை. ஆனால் வந்தால் முன்னெச்சரிக்கை பெரிதாக இருக்காது. ஆகவே கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியைவிட, அதிகம் ஓடியிருந்தாலும் தவறாமல் ஆயில் மாற்றிய சான்றுள்ள வண்டியே மேல். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். அந்த கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றுமாறு பரிந்துரைக்கிறது.

மிகக் குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் டெல்லி வண்டிகள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் அங்கே ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டதைத் தொடர்ந்து அவை தெற்கு நோக்கி வரத் தொடங்கின. டெல்லியின் தடையில்லாச் சான்று, இங்கே மீண்டும் கட்ட வேண்டிய சாலை வரி, கடன் முடிந்ததற்கான படிவம் 35 ஆகியவற்றின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த மலிவு பாதியாகக் கரைந்துவிடும். பதிவுச் சான்றின் ஆயுள் 15 ஆண்டுகள்தான் என்பதால், 2012 மாடலை இன்று வாங்குகிறவர் 2027-இல் புதுப்பித்தாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ஃபார்ச்சூனரை விற்பது. அது தானாகவே விலைபோகும் வண்டி; எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத் தள்ளிவிடாமல், தெரிந்தவர் வழியாக நேரடியாக விற்றாலே நல்ல தொகை வரும். டிஸ்கவரியைச் சோதித்து முடிக்கும் வரை முன்பணம் வாங்காதீர்கள். விற்றாகிவிட்டது, எதையாவது வாங்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் தவறான வண்டி வீட்டுக்கு வருகிறது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வராமல், உரிமை மாற்றத்தை 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். இத்தனை ஆண்டுகள் கிளைம் எடுக்காமல் சேர்த்த நோ கிளைம் போனஸ், 50 சதவீதம் வரை இருக்கலாம். அது உங்களுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கினால் டிஸ்கவரியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த பாலிசி விபத்துக்குத்தான் பணம் தரும், தேய்மானத்தால் வரும் எஞ்சின் பழுதுக்குத் தராது.

அதற்கான பணத்தை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்வேன். கையில் 18 லட்சம் இருந்தால் 13 அல்லது 13.5 லட்சத்துக்குள் வண்டி பாருங்கள்; 18 லட்சத்துக்கே வாங்கிவிட்டால் முதல் பழுதிலேயே கடன் வாங்க நேரும், பிறகு வண்டியின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

வண்டி கைக்கு வந்ததும் எல்லா ஆயில்களையும் கூலண்டையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயிலைப் பின்னர் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகிவிட்டு, அப்புறம் வால்பாறைக்கோ மேகமலைக்கோ ஏறுங்கள். ஒரு பொத்தானில் உயரம் கூடி, பாறையும் சேறும் நிறைந்த பாதையில் அந்த வண்டி ஆடாமல் மிதந்து போகும்போது, இத்தனை தொல்லையும் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

மலைக்குப் போகுமுன் ஒரு சிறு ஏற்பாடு. காற்றுப் பைகளுக்கு வெளியிலிருந்து காற்றடிக்கும் அவசர வால்வுத் தொகுப்பு விற்கிறார்கள். அதை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் கைவிட்டு வண்டி தரையோடு உட்கார்ந்துவிட்டால், அருகில் இருக்கும் பஞ்சர் கடையில் டயருக்கு அடிக்கிற காற்றையே அதன் வழியாக அடித்து வண்டியை எழுப்பி, மெதுவாக ஓட்டி வந்துவிடலாம். எந்த வால்வு முன்பக்கத்துக்கு, எது பின்பக்கத்துக்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே அடித்துப் பார்த்து, பெயிண்டால் அடையாளம் வைத்துவிடுங்கள்.