சிறிய பட்ஜெட்டில் கிரேடு செய்த விளையாட்டுக் கார்டுகள்: பணம் கசியும் இடங்கள்

அமெரிக்காவில் பேஸ்பால் கார்டு சேர்ப்பவர்களில் கென் கிரிஃபி ஜூனியர் என்ற வீரரின், அப்பர் டெக் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட கார்டைத் தெரியாதவர் இருக்க மாட்டார். அந்தத் தொகுப்பின் முதல் எண் கார்டு அது. இருபது வயதைத் தொடாத ஒரு பையன், தொப்பியோடு, முகம் நிறையச் சிரிப்போடு இருப்பான். அந்தப் பையன் பின்னாளில் 630 ஹோம் ரன் அடித்தார், 2016-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலுக்குத் தேர்வானார். வீரரைக் கணித்ததில் யாருக்கும் தவறு நேரவில்லை. ஆனாலும் அந்தக் கார்டை அன்று கட்டுக்கட்டாக வாங்கி வைத்தவர்களுக்குப் பெரிய லாபம் கிடைக்கவில்லை. காரணம் எளிது: கார்டுகளின் தரத்துக்கு கிரேடு, அதாவது மதிப்பெண், போடும் நிறுவனங்களில் பி.எஸ்.ஏ. என்ற ஒன்று மட்டும் இதுவரை அந்த ஒரு கார்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளுக்கு கிரேடு கொடுத்திருக்கிறது. அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை உச்ச மதிப்பெண்ணான 10 வாங்கியவை.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மாதம் நூறு டாலருக்கு மேல் இதில் போடுவதில்லை. வார இறுதி கார்டு ஷோக்களில் நம் ஊர்க்காரர்கள், குறிப்பாகப் பிள்ளைகளோடு வரும் அப்பாக்கள், இப்போது நிறையத் தென்படுகிறார்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிளேயரை வாங்கலாம்?" என் அனுபவத்தில் சின்னத் தொகையோடு வருபவர்கள் தவறான வீரரைப் பிடித்து நஷ்டப்படுவது குறைவு. கட்டணங்களிலும், கொட்டிக் கிடக்கும் கார்டுகளிலும், பார்க்காமல் விட்ட சின்னக் குறைகளிலும்தான் பணம் போகிறது.

புதியவர்களுக்கு ஒரு வரி விளக்கம். கார்டின் நடுத்தன்மை, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருவதுதான் கிரேடிங். அந்த உறைக்கு ஸ்லாப் என்று பெயர். உறையில்லாத கார்டு, ரா கார்டு. 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ.தான் பெரியது, பெக்கெட், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. ஆகியவையும் சந்தையில் மதிக்கப்படுபவை.

நாமே கிரேடிங்குக்கு அனுப்புவது

இதில் விழாதவர்கள் குறைவு. ரா கார்டு மலிவு, 10 வாங்கிய அதே கார்டு மூன்று நான்கு மடங்கு விலை. அப்படியென்றால் ரா கார்டை வாங்கி அனுப்பினால் போதுமே என்று தோன்றும். கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ரா கார்டு 30 டாலர். கிரேடிங் கட்டணம் 25 என்று வைத்துக்கொள்வோம். போக வர அஞ்சலும் காப்பீடும் சேர்த்து ஒரு கார்டின் பங்கு 5. ஆக, 60 டாலர் உள்ளே போய்விட்டது. 10 வந்தால் 110 டாலருக்கு விற்கும், 9 வந்தால் 45-க்கு விற்கும் என்று கொள்வோம். ஈபேயில் விற்றால் கமிஷன் சுமார் 13 சதவீதம், வாங்குபவருக்கு அனுப்பும் செலவு இன்னொரு 5. இதெல்லாம் போக, 10 வந்தால் கையில் நிற்பது 90 டாலர் சொச்சம், லாபம் 30. வந்தது 9 என்றால் கையில் 34 டாலர், நஷ்டம் 26. அதாவது அனுப்பும் இரண்டு கார்டில் ஒன்று 10 ஆக வந்தால்தான் கையைக் கடிக்காது. 9 என்பதும் மிக நல்ல மதிப்பெண்தான். ஆனால் புதிய கார்டுகளில் பல சமயம் 9-க்குக் கிடைக்கும் கூடுதல் விலை கிரேடிங் செலவைக்கூட ஈடுகட்டாது.

நான் முதல் முறை ஒரு நண்பரோடு சேர்ந்து எட்டு கார்டு அனுப்பினேன். எட்டுமே 10 என்று நம்பியிருந்தேன். வந்தது இரண்டு 10, ஐந்து 9, ஒரு 8. அந்த 8-இல், முகத்துக்கு நேராக மேற்பரப்பில் மெல்லிய ஒரு கோடு. சமையலறை விளக்கடியில் நேராகப் பிடித்துப் பார்த்ததால் தெரியவில்லை. கார்டைச் சாய்த்து, ஒரு பக்கமிருந்து வெளிச்சம் படும்படி பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். இப்போது பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், ஒரு டார்ச் இரண்டும் இல்லாமல் ரா கார்டு வாங்குவதில்லை. நடுத்தன்மைக்கு ஒரு ஸ்கேல் போதும். இடது வலது ஓரங்களின் அகலம் 60-க்கு 40 என்று கண்ணுக்கே தெரிந்தால், 10 வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அனுப்பும்போது கார்டின் மதிப்பு இவ்வளவு என்று நாம்தான் குறிப்பிட வேண்டும், கட்டணப் பிரிவும் அதை வைத்துத்தான். கிரேடு வந்த பிறகு மதிப்பு அந்தப் பிரிவின் வரம்பைத் தாண்டினால் நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கும். எதிர்பாராத 10 வந்த சந்தோஷத்தோடு எதிர்பாராத பில்லும் வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காத்திருக்கும் காலம். 2021 தொடக்கத்தில் வீட்டில் அடைந்து கிடந்த அமெரிக்காவே கார்டு அனுப்பியது. பி.எஸ்.ஏ.யில் ஒரு கோடிக்கும் மேல் கார்டுகள் தேங்கி, அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மலிவுக் கட்டணப் பிரிவுகளையே நிறுத்தி வைத்தார்கள். முன்பே அனுப்பியிருந்தவர்களுக்கு கார்டு திரும்பி வந்தபோது விலை இறங்கியிருந்தது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின், ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட 1986 கார்டு, பி.எஸ்.ஏ. 10, ஜனவரி 2021-இல் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டே அதே கார்டு, அதே கிரேடு, 2 லட்சம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது. உச்சியில் இருக்கும் கார்டுக்கே இந்த நிலை என்றால் 50 டாலர் கார்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்ஜெட் சின்னது என்றால் வேறொருவர் கட்டணம் கட்டி, காத்திருந்து, ஏமாந்து, விற்கும் 9-ஐ வாங்குவதே மேல். ஸ்லாபின் செலவு அவருடையதாகிவிடுகிறது.

பாப் ரிப்போர்ட்டைப் பார்க்காதது

எந்தக் கார்டில் எந்த கிரேடு எத்தனை கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை கிரேடிங் நிறுவனங்களே இணையத்தில் போடுகின்றன. இதுதான் பாப் ரிப்போர்ட். பி.எஸ்.ஏ.யில் இதைப் பார்க்கக் காசு வேண்டாம். ஆனாலும் வாங்குவதற்கு முன் பார்ப்பவர்கள் குறைவு.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2019 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதலாவதாகத் தேர்வான சயான் வில்லியம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பனீனி நிறுவனத்தின் பிரிஸம் வரிசையில் வந்த அவருடைய ரூக்கி கார்டை, அதாவது முதல் சீசன் கார்டை, எல்லாரும் வாங்கினார்கள், எல்லாரும் அனுப்பினார்கள். விளைவு, பி.எஸ்.ஏ. 10 மட்டுமே பத்தாயிரங்களில் குவிந்தது. முதல் சீசனில் காயத்தால் அவர் ஆடியது 24 ஆட்டம், 2021-22 சீசன் முழுவதும் ஆடவில்லை. நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற கார்டு சில பத்து டாலருக்கு வந்தது. காயத்தை மட்டும் குறை சொல்கிறார்கள். ஆடாத வீரரின் கார்டு நூறு பேரிடம் மட்டும் இருந்தால் அவர்கள் பொறுமையாக இருந்திருப்பார்கள். பத்தாயிரக்கணக்கானவர்களிடம் இருந்ததால் ஒரே நேரத்தில் எல்லாரும் விற்க வந்தார்கள்.

பாப் எண்ணைப் படிப்பதில் இன்னொரு விஷயம் உண்டு. இன்று 10-இல் ஐம்பது கார்டுதான் இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கார்டு வெளிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றால், மீதி இன்னும் பெட்டிகளிலும் அஞ்சலிலும் இருக்கின்றன. நாற்பது வருடப் பழைய கார்டின் எண்ணிக்கையை நம்பலாம், போன வருடக் கார்டின் எண்ணிக்கையை நம்ப முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்திருந்தாலே பாதிப் பணம் தப்பும்.

கேட்கும் விலையும் விற்ற விலையும்

ஈபேயில் ஒரு கார்டைத் தேடினால் முதலில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை. அதை யாரும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். பேரம் ஏற்கப்பட்ட விற்பனைகளில் ஈபே கேட்ட விலையைத்தான் கோடு போட்டுக் காட்டும். உண்மையில் கைமாறிய தொகை 130பாயின்ட் என்ற தளத்தில் கிடைக்கும். குறைந்தது ஐந்தாறு விற்பனைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக உயரத்தில் நின்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். அது ஏலத்தில் யாரோ வேண்டுமென்றே ஏற்றிவிட்டதாக இருக்கலாம், பணம் கட்டாமல் போன ஏலமாகவும் இருக்கலாம்.

கிரேடிங் நிறுவனத்தின் பெயரையும் கூடவே பாருங்கள். பி.எஸ்.ஏ. 10-இன் விலையைக் காட்டி, பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் 10-ஐ விற்பார்கள். அப்படிப்பட்ட உறையில் இருப்பதை ரா கார்டாகவே மதிப்பிடுங்கள். மேலே சொன்னவற்றில் எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. நிறுவனங்களின் 10-கூடப் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. விலைக்குப் போவதில்லை. சேர்த்து வைத்துக்கொள்ள வாங்குபவருக்கு இது வசதிதான்: அதே கார்டு, குறைந்த விலை.

போலி

போலி ஸ்லாப் செய்பவர்கள் நூறு, இருநூறு டாலர் கார்டுகளையும் விடுவதில்லை. லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது முதல் வேலை, ஆனால் அது மட்டும் போதாது. உண்மையான ஒரு ஸ்லாபின் எண்ணையே எடுத்துப் போலியில் அச்சடிக்கிறார்கள். தளத்தில் அந்த எண்ணுக்குப் படம் இருந்தால், மூலையில் இருக்கும் புள்ளி, ஓரத்தின் அகலம் இரண்டையும் கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். உறையின் விளிம்பு வெண்மையாகப் பனி படர்ந்தது போல் இருந்தால், யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கலாம்.

உண்மையான ஸ்லாபே எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் என்றும் நினைக்க வேண்டாம். பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு செய்த கார்டு, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின், டி206 வரிசையைச் சேர்ந்த புகழ்பெற்ற கார்டு. அதற்கு 8 கொடுத்தார்கள். அந்தக் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீர்செய்ததாக அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மனிதக் கண் பார்த்துப் போடும் எண் அது, தவறும். அதனால் எண்ணைப் பார்த்த பிறகு கார்டையும் ஒரு முறை பாருங்கள்.

விற்கும்போது

20 டாலர் ஸ்லாப் பத்து வாங்குவதும் 200 டாலர் ஸ்லாப் ஒன்று வாங்குவதும் ஒன்றல்ல. பத்தையும் விற்க, பத்து முறை படம் எடுத்து, பத்து பெட்டி கட்டி, பத்து முறை அஞ்சல் செலவு செய்ய வேண்டும். 20 டாலர் கார்டில் கமிஷனும் அஞ்சலும் சேர்ந்து ஏறக்குறைய 8 டாலரைத் தின்றுவிடும். ஆசைக்கு வாங்குவது வேறு. திரும்ப விற்கும் எண்ணத்தோடு என்றால் இரண்டு மாதம் பொறுத்து ஒரு நல்ல கார்டாக வாங்குங்கள். ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் கார்டு சேகரிப்புப் பொருள் வகையில் வருகிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி உண்டு, பங்குகளுக்கு உள்ள சலுகை இதற்கு இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வாங்க நினைப்பவர்கள் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பாருங்கள். வாங்குபவர் கூட்டம் இருப்பது அமெரிக்காவில், ஆகவே விற்கவும் திரும்ப அங்கேதான் அனுப்ப வேண்டும். நூறு டாலர் கார்டில் இந்தக் கணக்கு ஒத்துவராது.

10-ஐத் தவிர வேறெதையும் பார்க்காதது

பழைய கார்டுகளில் நிலைமை வேறு. 1952 டாப்ஸ் பேஸ்பால் கார்டுத் தொகுப்பில் விற்காமல் மிஞ்சியவற்றைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். வாங்கிய பிள்ளைகளும் சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், அம்மாக்கள் வீடு மாறும்போது தூக்கி எறிந்தார்கள். அதனால் ஐம்பது, அறுபதுகளின் கார்டுகளில் 8-க்கு மேல் கிடைப்பது அரிது, விலையும் எட்டாது. ஆனால் 3, 4 கிரேடில் வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் போன்ற பழைய பேஸ்பால் நட்சத்திரங்களின் அறுபதுகளின் டாப்ஸ் கார்டுகள் பல, இருநூறு டாலருக்குள்ளேயே கிடைக்கின்றன. புதிதாக யாரும் அச்சடிக்கப் போவதில்லை, அந்த வீரர்கள் காயப்பட்டு உட்காரப் போவதுமில்லை.

இங்கேதான் கண்ணுக்கு வேலை. ஒரே 4 கிரேடில் இரண்டு கார்டுகள் வேறு வேறு மாதிரி இருக்கும். ஒன்றில் நிறம் மங்கி, படம் ஒரு பக்கம் ஒதுங்கி, நெற்றிக்குக் குறுக்கே மடிப்பு ஓடும். இன்னொன்றில் படம் நடுவில், நிறம் பளிச்சென்று, குறை என்னவென்று தேடினால் நான்கு மூலையும் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். விலையில் பெரும்பாலும் பெரிய வேறுபாடு இருக்காது, சில நாள் இரண்டும் ஒரே விலைக்குப் போகும். நான் எப்போதும் மழுங்கிய மூலைகளைத்தான் எடுக்கிறேன். என்னிடம் இருக்கும் அறுபதுகளின் மேஸ் கார்டு அப்படிப்பட்டதுதான். ஏதோ ஒரு பையன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறான், மூலைகளைப் பார்த்தாலே தெரியும். முகத்தில் மட்டும் ஒரு கீறல் கிடையாது.