மியூனிக் டு சால்ஸ்பர்க்: ரயில் கேன்சல் ஆனதும் நாங்க பண்ணது

சனிக்கிழமை காலையில மியூனிக் ஸ்டேஷன்ல நிக்கிறோம், சால்ஸ்பர்க் எக்ஸ்பிரஸ் கேன்சல்னு போர்டுல வந்துடுச்சு. அதோட காசு ரீஃபண்ட் கேட்டுக்கலாம்னு விட்டுட்டு நேரா மெஷின்ல பயர்ன் டிக்கெட் (பயர்ன்னா பவேரியா, மியூனிக் இருக்கிற ஜெர்மன் மாநிலம்) எடுத்தோம். ஒரே டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் போலாம், எக்ஸ்பிரஸ்ல செல்லாது, லோக்கல் ரயில்ல மட்டும்தான், ஆனா பவேரியா டிக்கெட்னு பேர் இருந்தாலும் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரைக்கும் செல்லும், இது நிறைய பேருக்குத் தெரியல! வார நாள்னா காலை 9 மணிக்கு அப்புறம்தான், சனி ஞாயிறுல அந்தத் தொல்லை இல்ல. எல்லார் பேரையும் டிக்கெட்ல போட்டுடுங்க, செக்கிங்ல பார்ப்பாங்க.

ரோசன்ஹைம் வழியா ரெண்டு மணி நேரம் போல ஆகும், பிரீன் பக்கம் மலை தெரிய ஆரம்பிச்சதும் கேன்சல் ஆன கடுப்பெல்லாம் போயிடுச்சு.

இன்னொண்ணு, ஷெங்கன்தானே (எல்லையில வழக்கமா செக்கிங் இல்லாத ஐரோப்பிய நாடுகள்)ன்னு பாஸ்போர்ட்ட வீட்டுல வெச்சுட்டு வராதீங்க. திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லை ஊரான ஃப்ரைலாசிங்ல போலீஸ் ஏறி செக் பண்றாங்க. எங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் போன்ல போட்டோ மட்டும் வெச்சிருந்தான், காலையில மியூனிக்லயே அடுத்த ரயில் வர்றதுக்குள்ள ரூமுக்கு ஓடிப்போய் ஒரிஜினல் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டையும் எடுத்துட்டு வந்தான். சாயங்காலம் ரெண்டையுமே கேட்டாங்க.